படத்தில் மனிதர் தெரியக் கூடாது

நான் உறுப்பினராக இருக்கும் பறவைப் படக் குழுவின் போட்டி விதிகளில் நான்காவது இது: படத்தில் மனிதரோ, மனிதர் செய்த பொருளோ, அவற்றின் நிழலோ தெரியக் கூடாது. மற்றவர்கள் இதைப் போட்டிக்கு அனுப்பும் படங்களுக்கான விதி என்று எடுத்துக்கொண்டார்கள். நான் எடுக்கும் எல்லாப் படங்களுக்கும் உரியது என்று எடுத்துக்கொண்டேன். முப்பத்திரண்டு வருடம் வருவாய்த் துறையில் இருந்து துணை வட்டாட்சியராக ஓய்வுபெற்றவன் ஒரு விதியை அரைகுறையாகப் பின்பற்ற மாட்டான்.

வேலையில் இருந்தபோது நான் அதிகம் எழுதிய வாக்கியம், 'மனுதாரரின் சமீபத்திய புகைப்படம் இணைக்கப்படவில்லை. மனு திருப்பி அனுப்பப்படுகிறது' என்பதாகத்தான் இருக்கும். சமீபத்திய என்றால் ஆறு மாதத்துக்குள். ஒரு முறை ஒரு அம்மாள் பழைய படம் ஒன்றை நீட்டி, இது நான்தான் என்று சொன்னார். படத்தில் இருந்த பெண்ணுக்கும் அவருக்கும் மூக்குத்தி மட்டுமே பொது. படம் செல்லாது என்று சொல்லி, பஸ் ஏறி வந்தவரை அப்படியே திருப்பி அனுப்பினேன். விதிப்படி அது சரி.

ஓய்வுக்குப் பிறகு குன்னூரிலேயே தங்கிவிட்டோம். கோயமுத்தூர் வெயில் இனி ஆகாது என்று மனைவி சொன்னாள். எனக்குக் கேமரா வந்தது, பிறகு நீண்ட லென்ஸ் வந்தது, பிறகு முட்டி வலி வந்தது. படங்களை வருடம், மாதம், இடம், பறவை, ஆணா பெண்ணா என்று பிரித்துக் கணினியில் அடுக்கினேன். ஒவ்வொரு நாளுக்கும் ஒரு குறிப்பேடு. நிழல் விழுந்தது, கம்பி தெரிந்தது, யாருடைய தோளோ ஓரத்தில் நுழைந்தது எல்லாவற்றையும் அன்று மாலையே அழித்துவிடுவேன். அலுவலகத்தில்கூட என் மேசை அவ்வளவு சுத்தமாக இருந்ததில்லை.

இந்த மலையில் தேன்சிட்டைப் பார்க்கிற பாதிப் பேர் அதை ஹம்மிங்பேர்ட் என்பார்கள். விடுதிக்காரர்கள் விளம்பரப் பலகையிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். ஹம்மிங்பேர்ட் இந்தியாவில் கிடையாது, அமெரிக்கக் கண்டங்களில் மட்டும்தான் உண்டு என்று நான் திருத்துவேன். கேட்டவர்கள் யாரும் நன்றி சொன்னதில்லை. அப்படித் திருத்தப் போன இடத்தில்தான் அவரைச் சந்தித்தேன். பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வரிசை வீடு ஒன்றின் வாசலில் ஹம்மிங்பேர்ட் கூடு கட்டியிருக்கிறது என்று தோட்டத்து அலுவலகத்தில் யாரோ சொன்னார்கள். கேமராவோடு போனேன்.

துணி காயப்போடும் கம்பியின் நுனியில் கூடு தொங்கியது. அந்தக் கம்பியை அப்படியே விட்டுவிட்டு, வேறு கம்பி ஒன்றை அந்தப் பக்கம் கட்டி வீட்டுத் துணியை அதில் போட்டிருந்தார் வீட்டுக்காரர். ஏறக்குறைய என் வயது. பதினெட்டு வயதில் இலங்கைத் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்து, இந்தத் தோட்டத்திலேயே கவாத்து வெட்டியும் மருந்தடித்தும் ஓய்வுபெற்றவர். இது ஹம்மிங்பேர்ட் இல்லை, தேன்சிட்டு என்று அவருக்கும் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார்.

"நம்ம வைக்கிற பேரு அதுக்குத் தெரியவா போகுதுங்கய்யா. வந்து தங்குது, தங்கட்டும்."

அன்றிலிருந்து இரண்டு வருடம் வாரத்தில் மூன்று நாள் என்னோடு வந்தார். எனக்குக் கண் இருந்தது, லென்ஸ் இருந்தது. அவருக்குக் காது இருந்தது. புதருக்குள் இருக்கும் பறவையைச் சத்தத்தை வைத்தே விரல் நீட்டிக் காட்டுவார். அந்த விரல் இல்லாவிட்டால் என்னுடைய நல்ல படங்களில் முக்கால்வாசி இல்லை. குறிப்பேட்டில் அவரை 'உதவியாளர்' என்று எழுதினேன்.

உதவியாளருக்கு மூன்று விதிகள் சொன்னேன். அசையக் கூடாது, பேசக் கூடாது, கண்ணைப் பறிக்கும் நிறத்தில் உடுத்தக் கூடாது. முதல் இரண்டும் அவருக்கு ஒரே வாரத்தில் பழகிவிட்டன. முட்டியை மடித்துக் குந்தி உட்கார்ந்தால் அரை மணி நேரம் கல் மாதிரி இருப்பார். மூன்றாவதில்தான் சிக்கல். திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்யும் மகள் வாங்கிக் கொடுத்த சிவப்பு ஸ்வெட்டர் ஒன்று வைத்திருந்தார். மலையில் அது ஒரு தபால் பெட்டி மாதிரித் தெரிந்தது. அதைத்தான் போட வேண்டும் என்று அவர் மனைவி நின்றார். வாசலில் நின்று பார்த்தால் இவர் எந்தச் சரிவில் இருக்கிறார் என்று தெரியும், அடுப்பு வேலையைப் பார்த்துக்கொண்டே கண்ணில் வைத்துக்கொள்ளலாம் என்பது அவர் வாதம். தெரிகிறது என்பதுதானே அம்மா குறையே என்றேன். மறுநாள் என் பழைய பச்சை ஜெர்க்கினைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பாசிப் பச்சை, தேயிலைச் செடிக்கு நடுவில் உட்கார்ந்தால் ஆள் இருப்பதே தெரியாது. அதற்காகவே தேடி வாங்கியது.

ஜெர்க்கினின் கைப்பட்டியில் ஒரு பொத்தான் இல்லை. அந்த அம்மாள் வெள்ளைச் சட்டைப் பொத்தான் ஒன்றை வைத்துத் தைத்துக் கொடுத்தார். வெள்ளை வெயிலில் மின்னும், பறவை பார்த்துவிடும் என்று அதையும் எடுக்கச் சொன்னேன். உதவியாளர் அங்கேயே பல்லால் நூலைக் கடித்துப் பொத்தானைப் பிய்த்து ஜெர்க்கின் பையில் போட்டுக்கொண்டார்.

இரண்டாவது வருடக் குளிரில் அவருக்கு மறதி வந்தது. அவர் மனைவி ஒருநாள் தயங்கித் தயங்கிச் சொன்னார். விடியும் முன்னே எழுந்து உட்கார்ந்துகொண்டு, பிரட்டுக்கு நேரமாச்சு, கதவைத் திற என்கிறாராம். பிரட்டு என்பது இலங்கைத் தோட்டங்களில் காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்தி, யாருக்கு எந்த மலையில் வேலை என்று பேர் போடுவது. தேயிலைக் காட்டின் ஒவ்வொரு பகுதியையும் அவர்கள் மலை என்பார்கள். ஐம்பது வருடத்துக்கு முன்னால் விட்டுவந்த பிரட்டு.

நான் அந்த அம்மாளுக்கு நடைமுறையைச் சொன்னேன். எந்த ஆஸ்பத்திரி, எந்தக் கிழமை மனநலப் பிரிவு, என்னென்ன சான்று வாங்கி வைத்தால் பின்னால் உதவும் என்று வரிசையாகச் சொல்லி, ஒரு தாளில் எழுதியும் கொடுத்தேன். நின்றுகொண்டே கேட்டார். இனி அவரைத் தனியாக வெளியே விடாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. நானும் அவரைக் கூட்டிக்கொண்டு போவதை நிறுத்தவில்லை. அவருக்கு மறந்துபோனது மனிதர்கள்தான். பறவைகளின் சத்தம் மறக்கவில்லை. எனக்கு அது போதுமாக இருந்தது.

ஜனவரியில் உறைபனி விழுந்த ஒரு காலை, ஒன்பது மணிக்கு அந்த அம்மாள் போன் செய்தார். ஐயா, அவர் உங்களோடுதானே இருக்கிறார் என்று கேட்டார். நான் அன்று வீட்டில் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். விடியும் முன்னே எழுந்து, பன்னிரண்டாம் நம்பர் மலைக்குப் பேர் போட்டிருக்கிறது என்று சொல்லிவிட்டு, ஜெர்க்கினை மாட்டிக்கொண்டு போயிருக்கிறார். ஜெர்க்கினைப் பார்த்ததும் என்னோடுதான் போகிறார் என்று நினைத்து அந்த அம்மாள் கதவைத் திறந்துவிட்டார்.

போய்ச் சேர்ந்த ஐந்தாவது நிமிடத்தில் எல்லாவற்றையும் நான் கையில் எடுத்துக்கொண்டேன். யாரும் கேட்கவில்லை, தடுக்கவும் இல்லை. தோட்டத்து அலுவலகத்தில் வரைபடம் கேட்டு வாங்கினேன். பன்னிரண்டாம் எண் பகுதி ரோட்டுக்கு அந்தப் பக்கம், ஃபேக்டரிக்குக் கீழே இருந்தது. தோட்டத்து மேஸ்திரியும் இருபது ஆட்களும் வந்தார்கள். வரைபடத்தை என் கார் பானெட்டில் விரித்து, எல்லையைச் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டு, ஆளுக்கு இத்தனை வரிசை என்று பிரித்துக் கொடுத்தேன். பேரிடர்க் காலங்களில் நான் செய்த வேலை அது. ஒழுங்காகத்தான் செய்தேன். பகல் முழுக்கப் பன்னிரண்டாம் பகுதியைச் செடி செடியாக அலசினோம்.

நடுவில் காவல் நிலையத்துக்குப் போய்ப் புகார் கொடுத்தேன். எழுத்து வேலை பார்த்த ஏட்டு என் மனுவைப் படித்துவிட்டு, எதுவும் விடுபடவில்லை என்று பாராட்டினார். பிறகு கேட்டார்.

"ரீசன்ட்டா எடுத்த போட்டோ ஒண்ணு வேணும் சார். உங்களுக்கென்ன, கேமராவும் கையுமா இருக்கிறவரு."

இருக்கிறது, மாலைக்குள் அனுப்புகிறேன் என்றேன். சந்தேகமே இல்லாமல் சொன்னேன். வீட்டுக்கு வந்து கணினியில் கடந்த ஆறு மாதத்துக் கோப்புகளைத் திறந்தேன். ஈப்பிடிப்பான் இருந்தது, சின்னான் இருந்தது, தேன்சிட்டு நாற்பது கோணத்தில் இருந்தது. அவர் இல்லை. அவருடைய மகளின் போனில் கோயில் திருவிழாக் கூட்டத்தில் எடுத்த ஒரு படம் இருந்தது. யாருடைய தலைக்கோ பின்னால் அவருடைய பாதி நெற்றி. கடைசியில் ஆதார் அட்டையில் இருந்ததைத்தான் கொடுத்தோம். அதில் முழுத் தலைமுடியும் கறுத்த மீசையுமாக வேறொருவர் இருந்தார். நானாக இருந்தால் திருப்பி அனுப்பியிருப்பேன். ஏட்டு வாங்கிக்கொண்டார். வாட்ஸ்அப்பில் சுற்றிய அறிவிப்பில் அடையாளம் என்ற இடத்தில், 'பச்சை நிற ஜெர்க்கின்' என்று இருந்தது.

அன்று மாலை இருட்டுவதற்கு முன்னால், திரும்பும் வழியில், பம்ப் ஹவுஸுக்கு மேலே உள்ள பாதையில் ஒருமுறை நடந்து பார்த்தோம். எங்கள் திட்டத்தில் இல்லாத இடம். வழியில் இருந்ததால் பார்த்தோம். பாதைக்குக் கீழே, கவாத்து வெட்டாமல் விட்டு மரமாக வளர்ந்துபோன பழைய தேயிலை. மேஸ்திரி பெயர் சொல்லிக் கூப்பிட்டார். நான் பைனாகுலரில் சரிவை இடமிருந்து வலமாக முறையாகப் பார்த்தேன். ஒரு சிரிப்பான் குருவிக் கூட்டம் இருந்தது. காட்டெருமை இறங்கும் நேரம் என்று சொல்லி எல்லோரும் திரும்பிவிட்டோம்.

இரண்டாம் நாள் மறுபடியும் பன்னிரண்டாம் பகுதி, அதை ஒட்டிய காடு. மூன்றாம் நாள் மழை. தேடுவதை மதியத்துக்கு மேல் பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். நான் வீட்டில் உட்கார்ந்து, இந்த முறை ஆறு மாதம் என்று வைத்துக்கொள்ளாமல், முதல் நாளிலிருந்து எல்லாப் படங்களையும் திறக்கத் தொடங்கினேன். போகும் வரும் பஸ் கண்டக்டர், கடைக்காரர் யாருக்காவது காட்ட ஒரு முகம் வேண்டும். மனைவி காப்பியோடு வந்து பின்னால் நின்றாள். வெகு நேரம் நின்றாள்.

"ஏனுங்க, இத்தனை குருவிக்கும் ஊரு, பொழுது, ஆணு பொண்ணு எல்லாம் எழுதி வெச்சிருக்கறீங்க. கூடவே நடந்த மனுசனோட மொகம் ஒண்ணுகூட இல்லீங்களா?"

விதியைப் பற்றி ஏதோ சொல்ல ஆரம்பித்தேன். அவள் காப்பியை வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

முகம் கிடைக்கவில்லை. ஒரு முழங்கை கிடைத்தது. கறுப்பும் ஆரஞ்சுமான ஈப்பிடிப்பான் ஒன்று, நன்றாக உட்கார்ந்திருக்கிறது. அதன் மேல் விழாதபடி ஒரு கிளையை ஒதுக்கிப் பிடித்திருக்கும் பச்சைக் கை, முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை, பொத்தான் இல்லாத கைப்பட்டி. பறவை அருமையாக அமைந்துவிட்டதால் அழிக்காமல், பிறகு வெட்டிக்கொள்ளலாம் என்று வைத்திருந்திருக்கிறேன். இடம்: பம்ப் ஹவுஸ் மேல் சரிவு. அந்த நாளின் குறிப்பேட்டை எடுத்துப் பார்த்தேன். 'இரண்டு படம் எடுப்பதற்குள் உதவியாளர் பேசியதால் பறவை பறந்துவிட்டது' என்று எழுதியிருந்தேன். என்ன பேசினார் என்று எழுதவில்லை. அது தேவையில்லாத விவரம்.

நினைவு வர நேரமானது. அவர் கிளையைப் பிடித்தபடி சரிவைப் பார்த்தார். வாய்விட்டுச் சொன்னார்.

"அப்புடியே நம்ம பன்னெண்டாம் நம்பருங்கய்யா. எங்கம்மா கொழுந்தெடுத்த மலை."

பறவை பறந்தது. நான் உதட்டில் விரல் வைத்தேன். அவர் வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். அவ்வளவுதான் நடந்தது.

அந்த அம்மாளுக்குப் போன் செய்து, அவர் பன்னிரண்டாம் நம்பர் என்று எதைச் சொல்வார் என்று கேட்டேன். கேட்க வேண்டிய முதல் கேள்வியை மூன்றாம் நாள் கேட்டேன்.

"அது அங்குட்டு சிலோன்ல உள்ள மலைங்கய்யா. அவங்கம்மா செத்த மலை. இங்க நம்ம ஆளுக யாரும் நம்பர் சொல்றதில்லீங்களே. பம்ப் ஹவுஸ், சதுப்பு, கோயில் மேடுன்னுதான் சொல்லுவோம். நம்பரு ஆபீஸ் மேப்புல மட்டுந்தான்."

இதை முன்னாலேயே ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"நீங்க மேப்ப வச்சுக்கிட்டு நின்னீங்க. உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்னு நெனைச்சேன்யா."

மேஸ்திரிக்கும் ஆட்களுக்கும் அதே நினைப்பு இருந்திருக்க வேண்டும். அந்த எண்ணை அவர்கள் யாரும் வாயால் சொல்லி நான் கேட்டதில்லை. நான் சொன்னேன், சிவப்புப் பேனாவால் வட்டம் வேறு போட்டேன்; ஓய்வுபெற்ற அதிகாரி சொல்கிறாரே என்று இறங்கித் தேடினார்கள்.

பம்ப் ஹவுஸ் மேல் சரிவுக்கு மழையிலேயே போனோம். பாதையிலிருந்து பத்துப் பன்னிரண்டு அடி கீழே, மரமான தேயிலைகளுக்கு நடுவில் இருந்தார். மேஸ்திரி அவரைத் தாண்டி இரண்டு அடி போய்விட்டார். நானும் முதலில் பார்த்தது ஈரமான ஒரு பாசி மேட்டைத்தான். மேட்டுக்குக் கைப்பட்டி இருப்பதைப் பிறகுதான் பார்த்தேன். குந்தி உட்கார்ந்த நிலையிலேயே பக்கவாட்டில் சாய்ந்திருந்தார். முட்டி மடிந்தபடி இருந்தது. மடியில் ஒரு கைப்பிடி கொழுந்து, பறித்துச் சேர்த்தது, கறுத்துப்போயிருந்தது. எந்த மிருகமும் அவரைத் தொடவில்லை.

குளிரில் இறந்தார் என்று பிரேதப் பரிசோதனை அறிக்கை சொன்னது. அத்தகைய அறிக்கைகளைப் படிக்கத் தெரிந்தவன் நான். இறந்து எத்தனை மணி நேரம் இருக்கலாம் என்பதற்கு ஒரு வரி உண்டு. இதிலிருந்து இதற்குள் என்று அகலமாகப் போட்டிருப்பார்கள். கழித்துப் பார்த்தேன். நாங்கள் அந்தப் பாதையில் நின்று கூப்பிட்ட முதல் நாள் மாலை அவர் உயிரோடு இருந்திருக்கலாம், கேட்டும் இருக்கலாம். அசையாமலும் பேசாமலும் இருக்க அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை; ஏற்கெனவே சொல்லிக்கொடுத்தாகிவிட்டது.

அதன் பிறகு என்னால் முடிந்ததைச் செய்தேன். இறப்புச் சான்று, வாரிசுச் சான்று எல்லாம் ஒரு திருத்தமும் இல்லாமல் முதல் முறையிலேயே கிடைத்தன. சாமி படத்துக்குப் பக்கத்தில் வைக்க ஆதார் படத்தைப் பெரிதாக்கி அச்சிட்டுக் கொடுத்தேன். அந்த அம்மாள் மாலை போட்டுவிட்டுச் சற்று நேரம் அதைப் பார்த்தார். சின்ன வயசா இருக்காரு என்றார்.

காரியம் முடிந்து இரண்டு நாள் கழித்துக் குன்னூருக்கு எங்கள் வீடு தேடி வந்தார். தோளில் ஒரு துணிப்பை. உட்காரச் சொன்னோம், உட்காரவில்லை. பையிலிருந்து ஜெர்க்கினை எடுத்தார். துவைத்து, மடித்து, இஸ்திரி போட்டிருந்தது. ஆஸ்பத்திரியில் துணிமணியைத் திருப்பிக் கொடுத்தபோது இதைத் தனியாக எடுத்து வைத்திருக்கிறார்.

"அவரு துணியெல்லாம் எரிச்சாச்சுங்கய்யா. இது உங்களோடது."

எனக்கு வேண்டாம் என்று சொல்லப் போனேன். அதற்குள் அவர் கைப்பட்டியைத் திருப்பிக் காட்டினார். பழைய வெள்ளைப் பொத்தான் மறுபடியும் அதன் இடத்தில் இருந்தது. ஜெர்க்கின் பையிலேயே கிடந்ததாம்.

"பொத்தான் இல்லாம திருப்பிக் குடுக்கக் கூடாதுங்களே. அதான் தச்சுட்டேன். கெட்டியாத்தான் போட்டிருக்கேன்."

இரண்டு கையாலும் நீட்டினார். பெற்றுக்கொண்டேன்.